4×5 கேமராவில் ஸ்கேனிங் பேக்: வாங்குவதிலிருந்து முதல் நல்ல ஸ்கேன் வரை

ஸ்கேனிங் பேக் என்பது 4×5 அங்குல ஃபிலிம் தாள் போடும் பெரிய கேமராவின் பின்பக்கத்தில், ஃபிலிமுக்குப் பதிலாகச் செருகும் டிஜிட்டல் கருவி. சாதாரண டிஜிட்டல் கேமரா என்று நினைத்து அதை வாங்கினால் முதல் வாரமே வெறுத்துப்போகும். அதற்குள் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வரிசைகள் கொண்ட, ஒளியை உணரும் நீளமான ஒரு சிசிடி பட்டை மட்டுமே. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரி வரியாக நகர்ந்து படத்தைச் சேர்க்கிறது. படத்தின் இடது ஓரம் ஒரு நேரத்தில் எடுத்தது, வலது ஓரம் பல நிமிடம் கழித்து எடுத்தது. நடுவில் விளக்கு மினுங்கினாலும், தரை அதிர்ந்தாலும், வோல்டேஜ் இறங்கினாலும் அது படத்தில் கோடாக நின்றுவிடும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

இங்கே தரும் அளவுகள் கலிபோர்னியாவில் தயாரான பெட்டர் லைட் பேக்குகளுக்கு உரியவை. செகண்ட்ஹேண்ட் சந்தையில் அவைதான் அதிகம் கண்ணில் படும். ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் பவர்ஃபேஸ் போன்றவற்றுக்கும் வேலைமுறை இதுதான். இணைப்பும் மென்பொருளும் மட்டும் மாறும்.

1. உங்கள் வேலைக்கு இது பொருந்துமா என்று கணக்குப் போடுங்கள்

ஓவியம், வரைபடம், பழைய துணி, அருங்காட்சியகப் பொருள், அசையாத மேசைப் பொருட்கள், காற்றில்லாத நாளில் கட்டடம்: இவற்றுக்குப் பொருந்தும். மனிதர், இலை, அலை, மேகம் எதற்கும் பொருந்தாது. மூன்று நிற வரிசைகளும் ஒரே புள்ளியை வெவ்வேறு கணங்களில் கடப்பதால், அசையும் இலை வானவில் துண்டாகவும் நீரலை வண்ணக் கோடாகவும் வரும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

படப்பரப்பு 72×96 மி.மீ. 6000 மாடல் 6000×8000 பிக்சல் தரும், ஒரு பிக்சல் 12 மைக்ரான். 8000 மாடல் ஏறத்தாழ 8000×10,660 பிக்சல், ஒரு பிக்சல் 9 மைக்ரான். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் நேராக அளக்கப்படுகிறது, ஊகித்து நிரப்புவது இல்லை. அதனால்தான் நெசவுத் துணியை எடுத்தாலும் வண்ண மொய்ரே (இல்லாத வண்ண அலைக்கோடுகள்) வராது. பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடுக்கப்போகும் பொருளின் அளவை இந்தப் பிக்சல்களால் வகுத்துப் பாருங்கள். 6000 மாடலில் 40 அங்குல நீள ஓவியம், ஓரத்தில் நிறத்தைச் சரிபார்க்க வைக்கும் நிற அட்டைக்குக் கொஞ்சம் இடம் விட்டு 7500 பிக்சலில் அமர்ந்தால் அங்குலத்துக்கு 187 பிக்சல். ஓவியமும் அட்டையும் சேர்ந்து 20×26 அங்குலத்துக்குள் அடங்கினால் 300 கிடைக்கும். அதே அளவில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் இந்த எண்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெளிப்படையாகச் சொன்னால், 100 மெகாபிக்சலுக்கு மேல், பிக்சல் ஷிஃப்ட் (சென்சாரை இம்மி நகர்த்திப் பல படங்களைச் சேர்க்கும்) வசதியோடு கேமராக்கள் வந்துவிட்ட பிறகு, எல்லோருக்கும் இது தேவையில்லை. கையில் ஏற்கெனவே 4×5 கேமராவும் நல்ல லென்ஸும் இருக்கிறது, பொருள் அசையாது, நேரம் இருக்கிறது என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

2. பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

முதலில், எல்லாப் பகுதிகளும் ஒரே செட்டாக வருகின்றனவா என்று பாருங்கள்: பேக், கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் கேபிள், பவர் அடாப்டர், இன்ஃப்ராரெட் தடுப்பு ஃபில்டர், மென்பொருளின் நிறுவல் கோப்பு. பேக்கை ஒருவரிடமும் பெட்டியை இன்னொருவரிடமும் வாங்கிச் சேர்ப்பது வேண்டாத தலைவலி. இணைப்புக் கேபிள் தொலைந்திருந்தால் கடையில் மாற்று கிடைக்காது. அதன் இரண்டு முனைகளையும் பின்கள் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இரண்டு முழு அளவு ஸ்கேன்கள் கேளுங்கள். ஒன்று, சீராக ஒளியடித்த வெள்ளை அட்டை. மற்றொன்று, லென்ஸை மூடி எடுத்த கறுப்பு. ஜேபெக் வேண்டாம், 16 பிட் டிஃப் கோப்பாகவே வேண்டும். வெள்ளையைத் திறந்து கான்ட்ராஸ்டை அதிகபட்சம் ஏற்றிப் பாருங்கள். பட்டை நகரும் திசையில் ஓரம் முதல் ஓரம் வரை ஓடும் மெல்லிய கோடு தெரிந்தால், அது சென்சார் கண்ணாடியில் தூசாக இருக்கலாம், பழுதான பிக்சலாகவும் இருக்கலாம். தூசு போகும், பிக்சல் போகாது. கறுப்பில் ஒரே ஒரு நிறம் மட்டும் தூக்கலாக இருந்தாலும் கேள்வி கேளுங்கள். "நேற்றுக்கூட வேலை செய்தது" என்ற வாய்வார்த்தையை இந்த இரண்டு கோப்புகளுக்கு ஈடாக ஏற்காதீர்கள்.

மூன்றாவது, ஆவணங்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பதானால் சுங்கத்தில் நிற்கும். விற்பவர் கையெழுத்திட்ட இன்வாய்ஸ், நீங்கள் பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று, சீரியல் எண், "பயன்படுத்தியது" என்ற குறிப்போடு பொருளின் விளக்கம், கூரியர் கேட்கும் கேஒய்சி அடையாள ஆவணம் இவ்வளவும் பெட்டி கிளம்பும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் அவர்களே மதிப்பிடுவார்கள், பெட்டியும் கிடங்கிலேயே கிடக்கும், கிடங்கு வாடகை உங்கள் தலையில் விழும். பயன்படுத்திய பொருள் இறக்குமதிக்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் பெயரில் தனிப்பட்ட இறக்குமதியா, தொழில் பெயரிலா என்பதைச் சுங்க ஏஜென்ட்டிடம் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். லித்தியம் பேட்டரி ஏதாவது சேர்ந்து வருவதானால் அதை விட்டுவிட்டு அனுப்பச் சொல்வது நல்லது.

செலவுக் கணக்கு பேக்கின் விலையோடு முடியாது. விளக்கு, யுபிஎஸ், பழைய கணினி, ஃபில்டர், நிற அட்டை எல்லாம் சேர்ந்தால் பேக்குக்குக் கொடுத்த அளவுக்கே இன்னொரு தொகை ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்குக்கே கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டு, விளக்கில் மிச்சம் பிடிப்பது இந்தத் துறையில் பரவலாக நடக்கும் தவறு.

3. கணினியை முதலில் தயார் செய்யுங்கள்

பேக் வந்து சேர்ந்த பிறகு கணினி தேடாதீர்கள். பழைய பேக்குகள் அந்தக் காலக் கணினிகளில் இருந்த ஸ்கஸி (SCSI) இணைப்பில் ஓடும். பெட்டர் லைட்டில் எச்எஸ் என்று முடியும் மாடல்கள் யுஎஸ்பி 2.0. பவர்ஃபேஸ் எஃப்எக்ஸ், ஃபயர்வயர் என்ற இன்னொரு பழைய இணைப்பு. வாங்க முடிந்தால் யுஎஸ்பி மாடலே வாங்குங்கள்.

மென்பொருள்கள் பழையவை. 32 பிட் மென்பொருள் எதுவும் 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து ஓடாது. ஆப்பிளின் பழைய பவர்பிசி சிப் காலத்து மென்பொருள் 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்தே ஓடாது. அதனால் இந்த வேலைக்கென்றே ஒரு பழைய மேக்கையோ விண்டோஸ் கணினியையோ ஒதுக்கி, இணையத்தில் இணைக்காமல், எந்த அப்டேட்டும் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, எல்லாம் ஓடத் தொடங்கியதும் முழு டிஸ்க்கையும் நகலெடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். டிஸ்க் போனால் அந்த நகல்தான் காப்பாற்றும்.

ஸ்கஸி என்றால் இரண்டு விஷயம். வரிசையாக இணைத்த சாதனங்களில் கடைசியானதில் டெர்மினேட்டர் (முனையை முடித்துவைக்கும் செருகி) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஸ்கேனில் நின்றுபோகும். மின்சாரம் ஓடும்போது கேபிளைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. போர்டே போய்விடும்.

ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், ஆன்டிவைரஸ், யுஎஸ்பி மின்சேமிப்பு நான்கையும் அணைத்துவிடுங்கள். ஒன்பதாவது நிமிடத்தில் அறுந்துபோகும் ஸ்கேன்களுக்குப் பெரும்பாலும் காரணம் பேக் அல்ல, தூங்கப்போன கணினிதான்.

4. கேமரா, லென்ஸ், ஃபில்டர்

பேக் 4×5 ஃபிலிம் ஹோல்டர்போல் கிரவுண்ட் கிளாஸுக்கு (பிம்பம் விழும் பின்பக்க மங்கல் கண்ணாடி) அடியில் செருகப்படும். ஆனால் அது ஹோல்டரைவிடக் கனம். ஸ்பிரிங் தளர்ந்த கேமராவில் சரியாகப் பதியாது. ஓரத்தில் ஒளி கசியும், ஃபோகஸும் சாயும். வெளியிடங்களுக்கு மடக்கி எடுத்துச்செல்லும் மெல்லிய மரக் கேமராவைவிட, ஒற்றைத் தண்டில் நிற்கும் மோனோரயில் கேமரா இந்த வேலைக்கு மேல். எல்லாப் பூட்டுகளும் இறுக வேண்டும். செருகிய பிறகு பேக்கையும் பெல்லோஸையும் (கேமராவின் மடிப்புப் பை) கறுப்புத் துணியால் மூடுங்கள். ஃபிலிமில் அரை வினாடியில் தெரியாத பெல்லோஸ் ஓட்டை, பத்து நிமிட ஸ்கேனில் புகைமூட்டமாகத் தெரியும்.

படப்பரப்பு 4×5 ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் லென்ஸின் பார்வை குறுகும். ஃபிலிமில் 190 மி.மீ. லென்ஸ் தரும் காட்சியைத்தான் இங்கே 150 மி.மீ. தரும். 90 மி.மீ. லென்ஸ் 115 மாதிரி நடந்துகொள்ளும். ஓவிய நகலெடுப்புக்கு 150 முதல் 240 மி.மீ. வசதி. 40 அங்குல ஓவியத்துக்கு 150 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ 1.85 மீட்டர் தள்ளியும், 210 மி.மீ. லென்ஸை 2.6 மீட்டர் தள்ளியும் நிறுத்த வேண்டும். அறையின் நீளத்தை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்.

மூன்று நிறமும் தனித்தனியே பதிவாவதால், ஒரே தளத்தில் மூன்றையும் ஃபோகஸ் செய்யாத லென்ஸ் இங்கே உடனே மாட்டிக்கொள்ளும். அபோ வகை லென்ஸ்கள் தேவை: ரோடன்ஸ்டாக் அபோ ரோனார், ஷ்னைடர் அபோ சிம்மார் போன்றவை. ஷட்டர் தேவையே இல்லை என்பது இதில் ஒரு லாபம். ஸ்கேன் முடியும்வரை லென்ஸ் திறந்தே இருக்கும். அச்சகக் கேமராக்களிலிருந்து வரும் ஷட்டர் இல்லாத பேரல் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும், அவையே போதும். ஷட்டர் உள்ள லென்ஸ் என்றால், காட்சியைப் பார்ப்பதற்காக ஷட்டரைத் திறக்கும் நெம்புகோலைத் திறந்த நிலையில் விட்டுவிடுங்கள்.

லென்ஸ் துளையை (அபெர்ச்சரை) எஃப் 64 வரை சுருக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். எஃப் 22-இல் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) ஒரு புள்ளி 30 மைக்ரான் அளவுக்கு விரிகிறது. எஃப் 11-இல் அது 15 மைக்ரான்தான். பிக்சல் 9 அல்லது 12 மைக்ரான் என்கிறபோது எஃப் 11 முதல் 16 வரைதான் சரியான இடம். தட்டையான ஓவியத்துக்கு அதற்கு மேல் ஆழமும் வேண்டியதில்லை.

இன்ஃப்ராரெட் தடுப்பு ஃபில்டர் கட்டாயம். சென்சாருக்கு இன்ஃப்ராரெட்டும் தெரியும். ஹாலஜன் விளக்கில் அது ஏராளம். ஃபில்டர் இல்லாவிட்டால் கறுப்புத் துணி மெரூனாக வரும், சில பச்சை, நீலச் சாயங்கள் அடையாளம் தெரியாமல் மாறும், மொத்தக் கூர்மையும் குறையும். ஃபோகஸ் செய்யும் முன்பே ஃபில்டரை மாட்டுங்கள். லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் வகை என்றால், கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் தளம் தள்ளிப்போகும். பூச்சு வகை ஃபில்டரை அகலக் கோண லென்ஸில் போட்டால் மூலைகளில் சிவப்பு குறைந்து நீலப்பச்சை ஏறும். வெள்ளை அட்டை ஸ்கேனால் இதைச் சரிசெய்யலாம், ஆனால் நீண்ட லென்ஸுக்கு மாறுவது எளிது.

5. விளக்கும் மின்சாரமும்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. ஃப்ளாஷ் பயன்படாது. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு வேண்டும். அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒரு சதவீதம்கூட ஆடாத விளக்கு.

மெயின்ஸில் ஓடும் விளக்கு, மின்சாரத்தின் இருமடங்கு வேகத்தில் மினுங்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எல்லாம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 100 முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 முறை. ஒரு வரி எடுக்கும் நேரத்துக்குள் முழு எண்ணிக்கையில் மினுக்கங்கள் அடங்கினால் எல்லா வரிக்கும் ஒரே அளவு ஒளி விழும். அடங்காவிட்டால் வரிக்கு வரி ஒளி மாறி, சீரான இடைவெளியில் பட்டைகள் தெரியும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்து 1/60 வினாடி வைத்தால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டை விழுவது இதனால்தான். 1/100, 1/50, 1/25, 1/10 போன்றவை 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும். 1/10 என்பது 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் மென்பொருளில் இவை இல்லையென்றால் கிடைப்பதில் நீளமான வரி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வரி நீள நீள ஏற்றத்தாழ்வு கரைந்துவிடும். மினுக்கமே இல்லாத விளக்கு இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஹாலஜன்: 1000 வாட் இழை தடிமனாக இருப்பதால் சூடு தாங்கி நிற்கும், 150 வாட்டைவிட மினுக்கம் குறைவு. ஆனால் வோல்டேஜுக்குப் பயப்படும். இழை விளக்கின் ஒளி, வோல்டேஜின் 3.4 அடுக்கில் மாறுகிறது. பக்கத்தில் லிஃப்டோ மோட்டரோ ஓடத் தொடங்கி வோல்டேஜ் 3 சதவீதம் இறங்கினால் ஒளி 10 சதவீதம் இறங்கும். படத்தில் அது இருண்ட பட்டையாக நிற்கும். நீல ஒளி குறைவு என்பதால் நீலச் சேனலில் இரைச்சலும் வரும். சூடு ஓவியத்துக்கும் ஆகாது.

உயர் அதிர்வெண் பேலஸ்ட் (விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) உள்ள ஃப்ளோரசன்ட், மின்னணு பேலஸ்ட் உள்ள எச்எம்ஐ மற்றும் செராமிக் எச்ஐடி எனும் வாயு விளக்குகள்: பழைய ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் இவற்றோடுதான் வேலை செய்தன. பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்இடி: இன்று வாங்குவதானால் இதுவே நல்லது. ஆனால் டிரைவரைப் பார்த்து வாங்க வேண்டும். மாறாத நேர்மின்னோட்டம் தரும் டிரைவர் வேண்டும். ஒளியைக் குறைக்க வேகமாக அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம் வகை வேண்டாம். கடையிலேயே சோதிக்கலாம்: விளக்கை 30 சதவீதத்துக்குக் குறைத்து, போன் கேமராவில் ஷட்டரை 1/4000-க்கு வைத்து வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பட்டை ஓடினால் வாங்காதீர்கள். பட்டை இல்லை என்றாலும் முழுச் சான்று கிடையாது, வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளை அட்டையை ஸ்கேன் செய்துதான் உறுதி செய்ய வேண்டும். வேலையின்போது விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, குறைக்க வேண்டுமானால் தள்ளி வையுங்கள்.

ஜன்னல் வெளிச்சம் வேண்டவே வேண்டாம். ஒரு மேகம் போதும்.

மின்சாரத்துக்கு ஆன்லைன் யுபிஎஸ் வாங்குங்கள், அதாவது மின்சாரத்தை முழுவதுமாக மாற்றி மறுபடி உருவாக்கித் தரும் வகை. வீட்டு ஸ்டெபிலைசர் உதவாது. அது ரிலே மாறும்போது வோல்டேஜ் படியாகக் குதிக்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் மெதுவாக மாறியிருக்கும் ஒளி, ஸ்டெபிலைசரால் கத்தி வெட்டுபோல் மாறும். சதுர அலை இன்வர்ட்டரும் வேண்டாம். அளவு: 500 வாட் விளக்கு இரண்டு என்றால் 2 கேவிஏ யுபிஎஸ். எல்இடி என்றால் 1 கேவிஏவில் விளக்கு, பேக், கணினி மூன்றும் அடங்கும்.

விளக்குகளை ஓவியத்துக்கு 45 பாகைக்குள் இரு பக்கமும், முடிந்தவரை தள்ளி வையுங்கள். லைட் மீட்டரால் நான்கு மூலையும் நடுவும் அளந்து, வித்தியாசம் 1/10 ஸ்டாப்புக்குள் (ஒளி இருமடங்கானால் ஒரு ஸ்டாப்) வரும்வரை நகர்த்துங்கள். வார்னிஷ் பளபளப்பு இருந்தால் விளக்குகளின் முன்னால் போலரைசர் தாள், லென்ஸில் குறுக்காகத் திருப்பிய போலரைசர். இதில் மூன்று ஸ்டாப் வரை ஒளி போகும். ஹாலஜனுக்கு அருகில் அந்தத் தாள் உருகும். தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்துக்கு முழுக் குறுக்குப் போலரைசர் போடாதீர்கள். தங்கம் கரும்பழுப்பாகச் செத்துவிடும். பாதி திருப்பி நிறுத்துங்கள், அல்லது இரண்டு ஸ்கேன் எடுத்துச் சேருங்கள்.

விளக்கையும் பேக்கையும் ஏற்றி அரை மணி நேரம் விட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். சூடேறும்வரை விளக்கின் நிறமும் மாறும், சென்சாரின் கறுப்பும் மாறும்.

6. அதிர்வு

கேமராவும் ஓவியமும் ஒரே தரையில், கான்கிரீட் தளத்தில் நிற்க வேண்டும். மரத் தளம், மொட்டை மாடிக் கொட்டகை, பேருந்துச் சாலைக்கு ஒட்டிய அறை எல்லாம் தொல்லை. ஃபேனை நிறுத்துங்கள். ஏசியின் காற்று நேராகப் படுகிறதென்றால் அதையும் நிறுத்துங்கள், தொங்கும் கான்வாஸ் மூச்சுவிடுவதுபோல் அசையும். ஓவியத்தைச் சுவரில் ஆணியில் தொங்கவிடாமல் அடியும் மேலும் தாங்கும் ஈஸலில் நிறுத்துங்கள். பேக்கிலிருந்து தொங்கும் கேபிளின் எடையை டிரைபாடில் கட்டித் தாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்கேன் நடுவில் பின்பகுதி மெல்லத் தொங்கும். ஸ்கேன் ஓடும்போது நடக்காதீர்கள். உட்கார்ந்துவிடுங்கள்.

7. நேராக்குவதும் ஃபோகஸும்

கேமரா ஓவியத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி முறையே போதும். ஓவியத்தின் நடுவில், அதே தளத்தில், சிறிய தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். கிரவுண்ட் கிளாஸில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரியும்வரை கேமராவைத் திருப்புங்கள். மட்டப்பலகையால் வராத துல்லியம் இதில் வரும்.

கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் செய்வது தொடக்கம் மட்டுமே. அதன் தளமும் சென்சார் தளமும் மயிரிழை வித்தியாசப்படலாம். பேக்கைச் செருகி, விரைவான முன் ஸ்கேன் எடுத்து, மென்பொருளின் ஃபோகஸ் கருவியைத் திறங்கள். சென்சார் ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து படிக்கும். நீங்கள் ஃபோகஸ் திருகைத் திருப்பத் திருப்ப எண் ஏறி இறங்கும். ஓவியத்தில் கூர்மையான விவரம் இல்லையென்றால், லேசரில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைக் கோடுகளை நான்கு மூலையிலும் நடுவிலும் ஒட்டிய அட்டையை அதே தளத்தில் வையுங்கள். கோடுகள் சென்சார் பட்டைக்குக் குறுக்காக ஓட வேண்டும். இணையாக ஓடினால் எண் அசையாது, கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

வேலை செய்யப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். சில லென்ஸ்களில் அபெர்ச்சரைச் சுருக்கினால் ஃபோகஸ் நகரும். பச்சைச் சேனல் எண்ணை உச்சத்துக்குக் கொண்டுவந்து, சிவப்பும் நீலமும் அதிகம் பின்தங்கவில்லையா என்று பாருங்கள். நான்கு மூலை எண்களும் நெருங்கி வராவிட்டால் தளம் இணையாக இல்லை. கண்ணாடிக்குத் திரும்புங்கள்.

8. வரி நேரமும் எக்ஸ்போஷரும்

ஷட்டர் வேகம் என்று இங்கே ஒன்றில்லை. ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் என்பதே எக்ஸ்போஷர். மொத்த நேரம் = வரிகள் × வரி நேரம். 6000 மாடலின் 8000 வரிகளுக்கு:

1/100 வினாடி என்றால் 80 வினாடி.
1/50 என்றால் 2 நிமிடம் 40 வினாடி.
1/25 என்றால் 5 நிமிடம் 20 வினாடி.
1/10 என்றால் 13 நிமிடம் 20 வினாடி.

வரி நேரம் குறைந்தால் கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்ற வேண்டும், இருண்ட பகுதிகளில் இரைச்சல் வரும். கூடினால் அதிர்வுக்கும் வோல்டேஜுக்கும் வாய்ப்பு அதிகம். எஃப் 11-இல் 1/50 அல்லது 1/25 கிடைக்கும் அளவுக்கு விளக்கு இருப்பது நடுவழி.

24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் நிற அட்டையை ஓவியத்தின் ஓரத்தில், அதே தளத்தில், அதே ஒளியில் வையுங்கள். சாம்பல் கட்டத்தில் மூன்று சேனலையும் சமப்படுத்துங்கள். வெள்ளைக் கட்டம் 255 அளவில் 240 முதல் 245-க்குள் நிற்கட்டும். ஓவியத்தில் வெள்ளைக் கட்டத்தைவிடப் பிரகாசமான வார்னிஷ் புள்ளி இருந்தால் அது வெட்டுப்படும். அதற்காக எக்ஸ்போஷரைக் குறைக்காதீர்கள், விளக்கின் கோணத்தை மாற்றுங்கள். கூர்மையேற்றும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஓவியத்தின் மேல் விழும் ஒளியையும் எண்ணிப் பாருங்கள். 5000 லக்ஸில் 5 நிமிடம் என்பது ஏறத்தாழ 417 லக்ஸ் மணி. காகிதத்திலான நீர்வண்ண ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் 50 லக்ஸில் வைத்தால் எட்டு மணி நேரக் காட்சிக்குச் சமம். ஒரு ஸ்கேனுக்கு இது பெரிதில்லை, விளக்கை அணைக்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போவதுதான் பெரிது. ஃபோகஸுக்கும் விளக்கைச் சரிசெய்வதற்கும் அதே அளவுள்ள வேறு அட்டையை வைத்துக்கொண்டு, ஓவியத்தைக் கடைசியில் கொண்டுவாருங்கள். ஹாலஜனில் இதைத் தவிர்க்கவே கூடாது.

9. வெள்ளை அட்டை முதலில், ஓவியம் பிறகு

எல்லாம் தயாரான பிறகும் முதலில் வெள்ளை அட்டையை முழு அளவில் ஸ்கேன் செய்து, கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். கிடைமட்டமாக வைத்த பேக்கில் சென்சார் பட்டை செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் நகரும். அதை வைத்துப் படியுங்கள்:

செங்குத்துப் பட்டைகள், சீரான இடைவெளியில்: விளக்கின் மினுக்கம். வரி நேரத்தை மாற்றுங்கள்.

செங்குத்துப் பட்டை ஒன்றோ இரண்டோ, இடம் மாறி மாறி: வோல்டேஜ். அந்த லைனில் என்னென்ன ஓடுகின்றன என்று தேடுங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல இருளுதல் அல்லது நிறம் மாறுதல்: விளக்கு இன்னும் சூடேறவில்லை. அட்டையைத் தலைகீழாக்கியும் அதே பக்கம் இருண்டால் விளக்கின் இடமும் காரணமாகலாம், மீட்டரால் அளந்து பிரித்தறியுங்கள்.

கிடைமட்டமாக, ஓரம் முதல் ஓரம் வரை மெல்லிய கோடு, எல்லா ஸ்கேனிலும் அதே உயரத்தில்: சென்சார் கண்ணாடியில் தூசு. சாதாரண சென்சாரில் புள்ளியாக வருவது இங்கே முழு நீளக் கோடாகும். கை ஊதுபையால் ஊதுங்கள். போகவில்லையென்றால் சென்சார் துடைக்கும் குச்சி. கேனில் அடைத்த காற்றை அடிக்காதீர்கள், அதன் திரவம் கண்ணாடியில் படிந்துவிடும்.

ஓவியத்தின் நேர்கோட்டு விளிம்பு அலையலையாக இருந்தால் அதிர்வு. ஒரே இடத்தில் வெட்டி நகர்ந்து, கூடவே வண்ண விளிம்பும் இருந்தால் யாரோ கதவை அறைந்திருக்கிறார்கள். வண்ண விளிம்பு மூலைகளை நோக்கி மட்டும் கூடினால் லென்ஸின் குறை. அதை மென்பொருளில் திருத்தலாம்.

இந்த வெள்ளை ஸ்கேனை அழிக்காதீர்கள். ஒளி ஏற்றத்தாழ்வையும் மூலை நிறத்தையும் திருத்த அதுவே பயன்படும். விளக்கையோ லென்ஸையோ தொட்டால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

10. கோப்பு

6000×8000 படம் 8 பிட்டில் 144 எம்பி, 16 பிட்டில் 288 எம்பி. 8000 மாடலில் 16 பிட் என்றால் 500 எம்பியைத் தாண்டும். எப்போதும் 16 பிட்டில் சேமியுங்கள். ஒரு நாளுக்கு இருபது ஓவியம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்கேன் என்றால் 8000 மாடலில் 20 ஜிபிக்கு மேல். பழைய கணினியின் டிஸ்க் அன்றைக்கே நிறையும், மாலையில் இரண்டு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

விளக்கு, லென்ஸ், ஃபில்டர் மூன்றும் சேர்ந்த ஒவ்வொரு அமைப்புக்கும் கலர்செக்கரிலிருந்து தனி நிற புரொஃபைல் உருவாக்குங்கள். கோப்பின் பெயரில் தேதி, பொருள் எண், அமைப்பின் எண் மூன்றும் இருக்கட்டும். அட்டை தெரியும் முழுச் சட்டகத்தை மூலக் கோப்பாக வைத்துக்கொண்டு, வெட்டிய பிரதியை மட்டும் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் "சிவப்பு கொஞ்சம் அதிகமோ" என்று கேட்டால் பதில் சொல்ல அந்த அட்டைதான் இருக்கும்.

நேரம் பேசும்போது: முதல் நாள் அமைப்புக்கு அரை நாள் கேளுங்கள். அமைப்பு நின்ற பிறகு, ஒரே அளவு ஓவியம் ஒவ்வொன்றுக்கும் மாற்றிவைத்தல், ஃபோகஸ் சரிபார்ப்பு, ஸ்கேன், திறந்து பார்த்தல் எல்லாம் சேர்ந்து 15 முதல் 25 நிமிடம். அளவு மாறினால் கேமராவின் தூரமும் ஒளியும் மாறும், 5-ஆவது படியின் மீட்டர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதனால் பட்டியலை முன்னதாக வாங்கி, ஓவியங்களை அளவு வாரியாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள்.